மாப்பிள்ளை தேடும் க்வெரிகள்

மெதுவாக ஓடும் க்வெரிகளை வேகமாக ஓடவைப்பது என் தொழில். திரையைப் பார்த்தபடி நெடுநேரம் பேசாமல் உட்கார்ந்திருப்பதால், இத்தொழிலில் இருப்பவர்களைப் பொறுமைசாலிகள் என்று பலரும் தவறாக நினைத்துக்கொள்கிறார்கள்.

ஏதேனும் ஓர் அலுவலகத்தின் சன்னலுக்கு வெளியே நின்று, உள்ளிருந்து வரும் ‘சிஸ்டம் ஸ்லோ’ என்ற பதிலைக் கேட்டுப் பெருமூச்சு விட்டிருக்கும் வாசகர்களே, நீங்களும் நானும் ஒரே இனம். நீங்கள் சன்னலுக்கு அந்தப் பக்கம் அவதிப்பட்டீர்கள்; நான் இந்தப் பக்கம். பல ஆயிரம் பேருடைய விவரங்களை அட்டவணைகளாக அடுக்கி வைத்திருக்கும் இடம் தரவுத்தளம். அதிலிருந்து நமக்கு வேண்டியதை மட்டும் எடுத்துத் தரும்படி கணினிக்கு எழுதும் சில வரிகளே க்வெரி. அந்த வரிகளைக் கவனமில்லாமல் எழுதிவிட்டால், கணினி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் உங்களுக்குக் கால் வலிக்கும்.

2006ஆம் ஆண்டில் கடலூரின் ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்தில் பணியாற்றினேன். எங்கள் வாடிக்கையாளர்களுள் ஒன்று ஒரு திருமணத் தகவல் நிலையம். அதன் தலைமை அலுவலகம் சிதம்பரத்தில் இருந்தது. கிளை திருப்பாதிரிப்புலியூரில், கோயிலுக்குப் போகும் வழியில், ஒரு பாத்திரக்கடையின் மாடியில். இரண்டு இடங்களிலும் தனித்தனிக் கணினி. இரண்டிலும் ஒரே மென்பொருள். அதை எழுதியவர் எங்கள் நிறுவனத்தை விட்டு பெங்களூருக்குப் போய்விட்டார். எழுதியது மட்டும் எங்களோடு தங்கிவிட்டது.

ஒரு டீ, ஒரு வடை

நிலையத்தின் உரிமையாளர் சபாநாயகம் ஒருநாள் சிதம்பரத்திலிருந்து தொலைபேசியில் அழைத்தார். “மெஷின்ல ஒண்ணும் கொற இல்லம்மா. கிளையில இருக்கற அந்த ஸ்டெல்லாப் பொண்ணுக்குக் கை வேகம் போதாது. வர்ற ஜனம் பாதியிலயே எழுந்து போயிடுது. தை பொறக்கறதுக்குள்ள சரியாவலன்னா கிளைய மூடிட்டு எல்லாத்தையும் இங்கியே கொண்டாந்துடுவேன்.” ஸ்டெல்லாவுக்கு வீடு முதுநகரில். கணவர் விசைப்படகில் கடலுக்குப் போகிறவர்; பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகளைக் காலையில் அனுப்பி மாலையில் அழைத்துவர அவரை விட்டால் ஆளில்லை. நாள்தோறும் சிதம்பரம் போய்வர அவரால் ஆகாது. கிளைக்குப் பூட்டு விழுந்தால் அவருடைய வேலைக்கும் அதே பூட்டுதான்.

மறுநாளே போய் அவர் அருகில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, முதலில் அவருடைய கைகளை மட்டும் கவனித்தேன். விசைப்பலகையின் மேல் அந்த விரல்கள் பூக்கட்டுகிறவரின் விரல்களைப் போல ஓடின. பெண்ணின் வயது, நட்சத்திரம், படிப்பு, ஊர் என்று எல்லாவற்றையும் தட்டி முடித்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். திரையில் மணற்கடிகாரம் கவிழ்ந்து கவிழ்ந்து நிமிர்ந்தது. “எவ்வளவு நேரம் ஆகும், ஸ்டெல்லா?” என்று கேட்டேன். “சில சமயம் ஒரு டீ ஆவும்க்கா. சில சமயம் ஒரு டீ, ஒரு வடை. செவ்வாய் தோசம் இருந்துச்சின்னா சாப்பாடே சாப்புட்டு வந்துடலாம்.” “நொடிக்கணக்கில் சொல்ல முடியுமா?” என்று கேட்டதற்கு, பாலை முழக்கணக்கில் அளந்து தரச் சொன்னதைப் போல என்னைப் பார்த்தார்.

சுவரோரப் பெஞ்சில் நெல்லிக்குப்பத்திலிருந்து வந்திருந்த ஒரு தகப்பனார் துண்டால் விசிறிக்கொண்டிருந்தார். இரண்டாவது டீயும் குடித்தாகிவிட்டது போலும். எழுந்து வந்து திரையை எட்டிப் பார்த்துவிட்டு, கோபமே இல்லாத குரலில் சொன்னார்: “எம் பொண்ணு பொறந்து, வளந்து, பி.எட். முடிச்சதுகூட இம்மா நேரமாத் தெரியல தாயி.”

எல்லாருக்கும் எல்லாரும்

ஞாயிறுதோறும் கிளையில் இருவீட்டாரும் சந்திக்கும் கூட்டம் நடக்கும். வருகிற ஒவ்வொரு குடும்பத்துக்கும் பொருந்தக்கூடிய வரன்களின் பட்டியலைச் சனிக்கிழமையே அச்சிட்டு வைத்துவிடுவார்கள். அந்தப் பட்டியலுக்கான க்வெரி ஓடத் தொடங்கினால் கணினி வேறெதற்கும் அசையாது. அதோடு, சில வாரங்களாக அச்சுப்பொறியும் நிற்க மறுத்தது. தாள் தீர்ந்தால்தான் நின்றது.

க்வெரியைப் படித்தேன். பெண்களுக்கு ஓர் அட்டவணை, மாப்பிள்ளைகளுக்கு ஓர் அட்டவணை. இரண்டையும் எதை வைத்து இணைப்பது என்று சொல்லவேண்டிய ஒரு வரி, சில வாரங்களுக்கு முன் நடந்த ஒரு திருத்தத்தில் காணாமல் போயிருந்தது. அந்த வரி இல்லாததற்காகத் தரவுத்தளம் முறையிடாது. ஒவ்வொரு பெண்ணுக்கு எதிரிலும் மாவட்டத்து மாப்பிள்ளைகள் அத்தனை பேரையும் மரியாதையோடு வரிசையில் நிறுத்திவிட்டு, ‘அடுத்து யார்?’ என்று கேட்கும். இதை ஆங்கிலப் பாடநூல்கள் ஒரு பெரிய கணித மேதையின் பெயரால் அழைக்கின்றன. ஸ்டெல்லா அதற்கு வைத்த பெயர் ‘திருவிழாக் கூட்டம்’. வரியைச் சேர்த்தேன். பட்டியல்கள் ஒன்று, இரண்டு பக்கங்களில் அடங்கின.

அதற்குள் ஒரு பழைய பட்டியல் கைமாறியிருந்தது. புவனகிரியிலிருந்து வந்த ஓர் அம்மாள், தம் மகனுக்குரியதென்று, பரீட்சைத்தாள் கட்டைப் போன்ற ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அது கணினியின் பிழை என்றும், திருத்திய பட்டியல் இதோ இருக்கிறது என்றும் பக்குவமாக எடுத்துச் சொல்லி, ஒற்றைத் தாளை நீட்டினேன். அவர் கட்டை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். “இதுல என்னா தப்பு இருக்குது? எம் புள்ளைக்கு எல்லாப் பொண்ணும் பொருந்தும்னு அவன் பொறந்தப்பவே எனக்குத் தெரியும்.”

புகுந்த வீடு

ஒரு க்வெரி ஏன் தாமதிக்கிறது என்பதை ஊகிக்க வேண்டியதில்லை, தரவுத்தளத்தையே கேட்கலாம். எந்த அட்டவணைக்குள் எவ்வழியாக நுழைந்தேன், வழியில் எத்தனை பேரைப் பார்த்தேன் என்று ஒளிக்காமல் சொல்லிவிடும். வரன் தேடும் க்வெரியிடம் கேட்டேன். கடலூரிலிருந்து சிதம்பரம் போக அது விருத்தாசலத்தைச் சுற்றிக்கொண்டு போயிருந்தது. நாலைந்து பெயர்களைக் காட்டுவதற்காக, பதிவான ஒவ்வொருவரையும் தட்டி எழுப்பி, ‘உங்களுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா?’ என்று விசாரித்திருந்தது. அவர்களில் பெரும்பாலோர், ‘ஆகிவிட்டது, குழந்தையைப் பள்ளியில் சேர்த்தாயிற்று’ என்று சொல்லக்கூடியவர்கள். நிலையம் தொடங்கிய நாளிலிருந்து மணமான ஒருவரையும் யாரும் அட்டவணையிலிருந்து நீக்கவில்லை.

காரணம் சபாநாயகம். சிதம்பரத்துக்கே போய் அவரிடம் பேசினேன். வீட்டில் விளக்கை அணைப்பதைக்கூடக் குளிரவைப்பது என்று சொல்லும் மனிதர் அவர். “அழிக்கறதா? சேத்து வச்ச கையாலயே அழிக்கச் சொல்றியாம்மா? மஞ்சக் கயிறு ஏறுன பேரும்மா அதெல்லாம்.” இருக்கும் இடத்திலேயே அவர்களை ஒதுக்கி வைக்க வழி உண்டுதான், ஆனால் கிளையின் பழைய கணினிக்கு அத்தனை பேரைச் சுமக்கும் தெம்பில்லை. சற்று யோசித்துவிட்டுக் கேட்டேன். “ஐயா, உங்க பொண்ணுக்குக் கல்யாணமானப்புறம் ரேஷன் கார்டுல அவங்க பேரை என்ன பண்ணீங்க?” “எடுத்துட்டேன்.” “எடுத்து?” “மாப்ள வூட்டு கார்டுல சேத்தாங்க.” “அதையேதான் நானும் செய்யப்போறேன். மணமானவங்களுக்குன்னு தனியா ஒரு அட்டவணை. அதுக்குப் பேரே புகுந்த வீடு. இங்கேயிருந்து எடுத்து அங்கே சேர்ப்பேன். ஒருத்தர் பேரும் அழியாது.”

அவர் சம்மதித்தார், ஆனால் எந்த மாற்றமானாலும் முதலில் கிளையில்தான் செய்து பார்க்கவேண்டும், சிதம்பரத்துக் கணினியில் தைக்கு முன் கை வைக்கக்கூடாது என்றார். அன்று பிற்பகலே கிளைக்குப் போய் முடித்துவிடுகிறேன் என்று எழுந்தேன். அவர் சுவர் நாட்காட்டியைப் பார்த்தார். “மதியானம் ராகு காலம் வருது. அது கழிஞ்ச பொறவு செய்யி. எம் பொண்ணு பேர எடுக்கறதுக்கே நான் தாலுக்கா ஆபீசு வாசல்ல நல்ல நேரம் வர்ற வரைக்கும் வெயில்ல நின்னவன்மா.”

நாட்காட்டியின் பின்பக்கம்

மணமானவர்கள் புகுந்த வீடு போனபின், இரண்டு டீக்கள் ஒரு டீயாகக் குறைந்தன. ஸ்டெல்லாவுக்கு மகிழ்ச்சி, எனக்குப் போதவில்லை. மீண்டும் க்வெரியைப் பின்தொடர்ந்தேன். இம்முறை அகப்பட்டது பொருத்தம் பார்க்கும் பகுதி. தினப்பொருத்தம், கணப்பொருத்தம் என்று பத்துப் பொருத்தங்களையும் ஒவ்வொரு மாப்பிள்ளைக்கும் அது தொடக்கத்திலிருந்து கணக்கிட்டுக்கொண்டிருந்தது. ரோகிணிப் பெண்ணுக்கு அஸ்த நட்சத்திரத்து மாப்பிள்ளை ஒருவருக்குக் கணக்கிட்டு முடித்ததும், அடுத்த அஸ்த நட்சத்திரத்துக்காரருக்கு அதே கணக்கை மறுபடி முதலிலிருந்து போட்டது. நட்சத்திரங்களோ மாறுவதில்லை, விடையும் மாறாது. தலையை நிமிர்த்தினால் எதிரே சுவரில் தினசரி நாட்காட்டி. அதன் அட்டையின் பின்பக்கத்தில் எந்த நட்சத்திரத்துக்கு எது பொருந்தும் என்ற கட்டம் அச்சாகியிருப்பதை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். அந்தக் கட்டத்தைத் தரவுத்தளத்திலும் ஓர் அட்டவணையாக வைத்துவிட்டால் க்வெரி கணக்குப் போட வேண்டாம். பார்த்துச் சொன்னால் போதும்.

நிலையத்தின் சோதிடர் சரிபார்த்துக் கொடுத்த பொருத்தங்களை ஸ்டெல்லா உரக்கப் படிக்க, நான் தட்டச்சு செய்தேன். அசுவினி முதல் ரேவதி வரை அவருக்கு மனப்பாடம். “உன்னுடைய நட்சத்திரம் என்ன?” என்று வேலைக்கு நடுவே கேட்டேன். “மாவட்டத்துக்கே சொல்லுவேன், எனக்கு மட்டும் தெரியாதுக்கா. எங்கம்மாவக் கேட்டா, நீ பொறந்தன்னிக்குச் செம மழைன்னு சொல்லுது. அது எந்த நட்சத்திரத்துல வரும்?” பிறகு, நட்சத்திரம், வயது ஆகியவற்றின்படி ஆட்களை உடனே கண்டுபிடிக்க இண்டெக்ஸ் அமைத்தேன், கதவு எண் இல்லாத தெருவில் வீடு வீடாக விசாரிப்பதற்கும் எண்ணைப் பார்த்து நேரே போவதற்கும் உள்ள வேறுபாடுதான் அது. “இப்போது தேடு” என்றேன். ஸ்டெல்லா பொத்தானை அழுத்திவிட்டுப் பழக்கத்தில் நாற்காலியை விட்டு எழுந்தார். எழுந்தவர் முழுதாக நிமிர்வதற்குள் பெயர்கள் வந்துவிட்டன. “ஐயய்யோ!” என்று வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தவர், அதன்பின் தேவையே இல்லாமல் ஏழெட்டுப் பெண்களுக்கு மாப்பிள்ளை தேடினார். ஒவ்வொரு முறையும் சிரித்தார்.

அந்த வாரக் கடைசியில் கீழே டீக்கடை வைத்திருக்கும் காதர் பாய் படியேறி வந்தார். மாடியில் மின்சாரம் போய்விட்டதா, ஆள் வரத்து நின்றுவிட்டதா என்று பார்க்க வந்தாராம். இரண்டும் இல்லை, கம்ப்யூட்டர் வேகமாகிவிட்டது என்று ஸ்டெல்லா பெருமையோடு ஓட்டிக் காட்டினார். காதர் பாய் திரையைப் பார்த்தார்; என்னைப் பார்த்தார்; இடுப்பில் கைவைத்துக்கொண்டு சொன்னார்: “ஜாஸ்தி வேகம், மாஷா அல்லா, நல்லாருக்கு. ஆனா வடைக்கு எவ்ளோ மாவு ஆட்டணும்னு இனிமே எனக்கு யாரு மேடம் சொல்லுவா?”

வேகம் போதாது

ஓய்வு பெறப்போகும் ஒரு கணக்குப் பேராசிரியர் அண்ணாமலை நகர்ப் பணியாளர் குடியிருப்பிலிருந்து தம் மனைவியோடு கிளைக்கு வந்தார். சிதம்பரம் அலுவலகத்தில் மகனுக்குப் பெண் தேடி எதுவும் கிடைக்கவில்லையாம். இங்கே புதிய முறை என்று கேள்விப்பட்டு ரயிலேறி வந்திருந்தார். பெண் முதுநிலை படித்திருக்கவேண்டும், ஆனால் மகனைவிட அதிகம் படித்திருக்கக்கூடாது, அரசு வேலையில் இருக்கவேண்டும், ஆனால் சிதம்பரத்தைத் தாண்டி மாற்றல் ஆகக்கூடாது, பாட வேண்டும், உயரம் இவ்வளவு, மகனுக்கு மூலம் என்பதால் அதற்குப் பொருந்தும் நட்சத்திரமாகவும் இருக்கவேண்டும். எல்லாவற்றையும் ஸ்டெல்லா தட்டினார். க்வெரி என் வாழ்நாளிலேயே மிக நேர்த்தியான வேகத்தில் ஓடி, ஒருவரும் இல்லை என்று தெரிவித்தது. நான் எழுதிய க்வெரியின் வழியைக் காட்டி, எந்தப் பெயரும் விட்டுப்போகவில்லை என்று பேராசிரியருக்கு விளக்கினேன். கணக்கு அறிந்தவர் அல்லவா, அவர் உடனே ஒப்புக்கொண்டார். அவர் மனைவி ஒப்புக்கொள்ளவில்லை. கைப்பையை மடியில் நேராக வைத்துக்கொண்டு, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்: “இன்னும் கொஞ்சம் வேகமா ஓட்டிப் பாருங்களேன், வேகத்துல ஏதாவது ஒண்ணு மாட்டும்.”

நல்லாத் தேடுறாங்க

இவ்வளவுக்கும் பிறகு கிளை செழித்திருக்கும் என்று நீங்கள் எண்ணுவீர்கள், நானும் எண்ணினேன். மார்கழி பிறந்ததும் ஸ்டெல்லாவின் குரலில் கலக்கம் தெரிந்தது. “அக்கா, முன்னல்லாம் காத்துக்கினு இருந்துட்டு எழுந்து போனாங்க. இப்ப பாத்துட்டு எழுந்து போறாங்க. யோசிச்சுச் சொல்றோம்னு சொல்லிட்டு நேரா சிதம்பரம் பஸ் ஏறிடறாங்க.” சிதம்பரத்தில் இன்னும் பழைய க்வெரிதான் ஓடிக்கொண்டிருந்தது. வேகமான இடத்தை விட்டு மெதுவான இடத்துக்கு மக்கள் ஏன் போகிறார்கள் என்பதை எந்தத் தரவுத்தளத்தைக் கேட்டும் அறிந்துகொள்ள முடியவில்லை. மார்கழியின் கடைசி ஞாயிற்றுக்கிழமை சபாநாயகமே கிளைக்கு வந்தார். கிளையை வைத்துக்கொள்வதா, மூடுவதா என்று அன்றைக்கே முடிவு சொல்லிவிடப்போவதாகக் கூறி, பின்வரிசையில் உட்கார்ந்துகொண்டார். ஸ்டெல்லா என்னைப் பார்க்கவே இல்லை.

பண்ருட்டியிலிருந்து ஒரு முந்திரி வியாபாரி வந்தார். கூடவே அவருடைய மச்சானும் மச்சானின் மனைவியும். பெண்ணின் நட்சத்திரம் மகம் என்றார் வியாபாரி. அவர் வேட்டியை ஒதுக்கி நாற்காலியை இழுப்பதற்குள் திரையில் மாப்பிள்ளைகள் வந்து நின்றுவிட்டார்கள். “என்னாம்மா இது? நான் இன்னும் குந்தவே இல்ல.” “வந்துடுச்சிங்க ஐயா.” “என்னா வந்துடுச்சி? முன்னாடியே எடுத்து வச்சதா?” மச்சான் குனிந்து பார்த்தார். “ஆமா மாமா, வர்றவங்களுக்கெல்லாம் இதையேதான் காட்டுவாங்க. சிதம்பரத்துல எம்மா நேரம் தேடுனாங்கன்னு பாத்தல்ல? அங்க நல்லாத் தேடுறாங்க. எழுந்திரு, போவலாம்.” காரணம் ஒருவழியாக எனக்கு விளங்கியது. ஒரு பெண்ணின் வாழ்க்கையை இமைப்பொழுதில் முடிவு செய்யும் கணினியை எந்தத் தகப்பன் நம்புவான்? பின்வரிசையில் சபாநாயகம் தொண்டையைச் செருமினார். நான் எழுந்து, இண்டெக்ஸ் என்றால் என்ன என்று விளக்கினேன். அதைவிடத் தெளிவாக நான் எப்போதும் விளக்கியதில்லை. அதைவிடக் குறைவாக யாரும் எப்போதும் கேட்டதில்லை.

ஸ்டெல்லா என் முழங்கையைத் தொட்டு என்னை உட்காரவைத்தார். பிறகு மச்சானைப் பார்த்து, “ஐயா, எடுத்து வச்சதா இல்லியான்னு நீங்களே பாத்துடுங்க. உங்க நட்சத்திரம் சொல்லுங்க, உங்களுக்குத் தேடுறேன்” என்றார். “எனக்கா? எம் புள்ள பத்தாவது படிக்குதும்மா.” “அது கம்ப்யூட்டருக்குத் தெரியாதுல்ல? இருவத்தெட்டு வயசுன்னு போட்டுக்கறேன்.” மச்சான் தம் மனைவியை ஒருமுறை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, “உத்திராடம்” என்றார். பொத்தானை அழுத்தினார் ஸ்டெல்லா. முன்பு வந்த பெயர்களில் ஒன்றுகூட இல்லை. அத்தனையும் பெண்கள், திரைக்குக் கீழேயும் நீண்டு போனார்கள். “பரவால்லியே மாமா!” என்று மச்சான் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். அவர் மனைவி அவர் தோளுக்கு மேலாகத் திரையைப் பார்த்தார். “நல்லாப் பாத்துக்க. அப்பவே இந்தக் கம்ப்யூட்டரு இருந்திருந்தா உங்கம்மா எங்க வூட்டுப் படி ஏறியிருக்க மாட்டாங்க. நானும் பொழச்சிருப்பேன்.” வியாபாரி சிரித்த சிரிப்பில் மூக்குக்கண்ணாடி கழன்று மேசையில் விழுந்தது. எடுத்துத் துடைத்து மாட்டிக்கொண்டவர், “சரிம்மா, எம் பொண்ணுக்கு வந்தத மறுபடி காட்டு” என்று உட்கார்ந்தார். பகல் உணவு வேளை வரை எழுந்திருக்கவில்லை. மூன்று வரன்களைக் குறித்துக்கொண்டு போனார்.

சபாநாயகம் அருகில் வந்தார். “இந்தப் பொண்ணு இருக்கற வரைக்கும் கிளைய மூட மாட்டேன்” என்று ஸ்டெல்லாவுக்குக் கேட்கும்படி என்னிடம் சொன்னார். ஸ்டெல்லா திரும்பிக்கொண்டு, ஏற்கெனவே துடைத்த விசைப்பலகையை மீண்டும் துடைத்தார். “ஆனா ஒண்ணும்மா,” என்று தொடர்ந்தார் சபாநாயகம், “வர்றவனெல்லாம் மச்சானையும் மச்சான் பொண்டாட்டியையும் கூட்டியாற மாட்டான். கொஞ்சம் நிறுத்தி நிதானமாக் காட்டச் சொல்லு. கல்யாணம் பாரு.” எனக்கு மனம் ஒப்பவில்லை, இரண்டு நாள் ஒத்திப்போட்டேன். மூன்றாம் நாள், விடையைக் கையில் வைத்துக்கொண்டே, அதைக் காட்டுவதற்கு முன் சற்று நிற்கும்படி ஒரு வரி எழுதினேன். அந்த இடைவெளியில் வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்து, பெண்ணைப் பற்றி இரண்டு வார்த்தை விசாரிப்பது ஸ்டெல்லாவின் பொறுப்பு. தை பிறந்தது. கிளையின் பெஞ்சில் இடமில்லாமல் படிக்கட்டிலும் உட்கார்ந்தார்கள். மூன்று வரன்களும் அமையாததால் பண்ருட்டி வியாபாரி மறுபடியும் வந்தார். பெண்ணின் விவரங்கள் தட்டப்பட்டன, திரை காத்திருந்தது, அவர் தண்ணீரைக் குடித்து, டம்ளரை வைத்து, மகள் நன்றாகக் கோலம் போடுவாள் என்பதைச் சொல்லி முடித்தபின் பெயர்கள் வந்தன. புதிய பெயர் ஒன்றில் விரலை வைத்தபடி, நிறைந்த மனத்தோடு தலையாட்டினார். “இப்பதான் இந்தக் கம்ப்யூட்டரு பொறுப்பாப் பாக்குது.”

வேகப்படுத்துவதற்காகவே சம்பளம் வாங்கிய ஆண்டுகளில் நான் எழுதிய எத்தனையோ வரிகளுள், வாடிக்கையாளர் ஒருவர் மனமாரப் பாராட்டியது மெதுவாக்குவதற்காக எழுதிய அந்த ஒரு வரியை மட்டுமே.